குடிக்காத ஈரலில் விழுந்த முடிச்சு

"நீங்க குடிப்பீங்களாம்மா?"

ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பார்த்துக்கொண்டே டாக்டரம்மா இப்படிக் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இருமல் மருந்தையே மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்குகிற ஆள் நான்! பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் சட்டென்று என் முகத்தைப் பார்த்தார். துறைமுகத்தில் முப்பது வருஷம் கிரேன் ஓட்டியவர். அவரும் தொடாத விஷயம் அது.

"எல்லாரையும் கேக்கிற கேள்விதாம்மா, தப்பா நினைச்சுக்காதீங்க" என்றார் டாக்டரம்மா. ஆனால் எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. காரணம் அந்தக் கேள்வி அல்ல, என் அக்கா.

என் அக்காவை எண்ணூரில் கட்டிக் கொடுத்திருந்தது. இருபது வருஷமாகச் சர்க்கரை. நல்ல கனமான உடம்பு. கடைசி இரண்டு வருஷம் வயிறு வீங்கியது, கால் வீங்கியது, ஒரு நாள் ராத்திரி ரத்தமாக வாந்தி எடுத்தாள். 2019இல் போய்ச் சேர்ந்துவிட்டாள். 'ஈரல் சுருங்கிப் போச்சு' என்று டாக்டர் சொன்னது எப்படியோ வெளியே கசிந்தது. சாவு வீட்டிலேயே குசுகுசுவென்று பேச்சு. "அதெல்லாம் குடிச்சாத்தான் வரும்... மறைச்சு மறைச்சுக் குடிச்சிருக்கும்!" என்று ஒருத்தி சொன்னது என் காதிலேயே விழுந்தது. பதில் சொல்ல எனக்கு அன்றைக்கு விவரம் போதவில்லை. இன்றைக்குக் கொஞ்சம் தெரியும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பீரோவில் தூங்கிய ரிப்போர்ட்

முதலில் என் குற்றத்தை ஒப்புக்கொண்டு விடுகிறேன். 2020இலேயே பித்தப்பைக் கல்லுக்காக எடுத்த ஸ்கேனில், 'கல்லீரலில் கொழுப்பு' என்று ஒரு வரி இருந்தது. வலியா, காய்ச்சலா, ஒன்றும் இல்லையே! ரிப்போர்ட்டை பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்தேன். மூன்று வருஷம் அது அங்கேயே தூங்கியது. ஈரல் தூங்கவில்லை!

2023இல் ஃபைப்ரோஸ்கேன் என்று ஒன்று எடுத்தார்கள். பயப்படாதீர்கள், ஊசி கிடையாது. மூன்று மணி நேரம் வெறும் வயிற்றோடு போக வேண்டும். வலது விலா எலும்பின் இடுக்கில் ஒரு கருவியை வைத்துப் பத்துத் தடவை 'டொக் டொக்' என்று தட்டுகிறார்கள். ஈரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று அது கணக்குச் சொல்லும். என் கணக்கு 9.6 கிலோபாஸ்கல். நல்ல ஈரலுக்கு 5, 6 என்ற அளவில் இருக்குமாம். "நார்த்தழும்பு ஆரம்பிச்சிருக்கும்மா, இரண்டாவது நிலை. நாலாவது நிலைக்குப் பேர்தான் சிரோசிஸ்" என்றார் டாக்டரம்மா.

"எங்க அக்காவுக்கு வந்தது?"

"அதேதான்."

இது எங்கள் வீட்டுக்கு மட்டும் பிடித்த சனி இல்லை, சகோதரிகளே. சென்னையில் சர்க்கரை நோய் பற்றி நடந்த பெரிய ஆய்வு ஒன்றின் பகுதியாக, 541 பேரின் ஈரலைப் பரிசோதித்து 2009இல் முடிவை வெளியிட்டார்கள். நூற்றுக்கு 32 பேருக்கு, குடியால் வராத கொழுப்பு ஈரல்! பெண்களை மட்டும் எடுத்துக்கொண்டால் நூற்றுக்கு 29. எல்லாருக்கும் இது தழும்பு வரை போவதில்லை, சிலருக்குத்தான் போகும். சர்க்கரையும் பருமனும் உள்ளவர்களுக்கு அந்த ஆபத்து அதிகம்.

கிழிந்த வலையும் முடிச்சும்

வீட்டுக்கு வந்து அழுதுகொண்டிருந்தபோது எதிர் வீட்டு அக்கா வந்தார். காசிமேட்டில் வலை பின்னுகிற குடும்பம். "இன்னா யக்கா, ஈரல்ல தழும்பா? அப்டீன்னா இன்னா?" என்று கேட்டார். டாக்டரம்மா சொன்னதை நான் சொல்லச் சொல்ல, அவர் தன் பாஷையில் புரிந்துகொண்டார்.

"வலை கிழிஞ்சா முடிச்சுப் போடுவோம். ஒண்ணு ரெண்டு முடிச்சு இருந்தா வலைக்கு ஒண்ணும் ஆவாது. கிழிய கிழிய முடிச்சு மேல முடிச்சு போட்டுக்கினே இருந்தா, வலையே கட்டையாப் பூடும். தண்ணி உள்ள பூந்து வெளிய வராது. அதுதானே?"

அதேதான்! ஈரல் என்பது ரத்தம் புகுந்து புறப்படுகிற ஒரு வலை. சுமார் ஒன்றேகால், ஒன்றரைக் கிலோ எடை. நிமிஷத்துக்கு ஒன்றரை லிட்டர் ரத்தம் அதற்குள் ஓடுகிறது. காயம் பட்டால் கொலாஜன் என்ற நாரைக் கொண்டு அது தன்னைத் தானே தைத்துக்கொள்கிறது. காயம் ஆறினால் நாரும் கரைந்துவிடும். காயம் நிற்காமல் பட்டுக்கொண்டே இருந்தால் நார் மேல் நார். ரத்தம் உள்ளே நுழைய முடியாமல் பின்வாங்கி, உணவுக் குழாயின் ரத்த நாளங்களைப் புடைக்க வைக்கிறது. அந்த நாளம் வெடித்ததுதான் என் அக்காவின் ரத்த வாந்தி. குடி ஒரு காரணம். மஞ்சள் காமாலைக் கிருமிகளான பி, சி வைரஸ்கள் ஒரு காரணம். சர்க்கரையும் உடம்பின் கொழுப்பும் இன்னொரு காரணம். அக்காவுக்கு அந்தக் கடைசிக் காரணமே போதுமானதாக இருந்தது.

சரி, இந்த நாரை நூற்பது யார்? இங்கேதான் கதை சுவாரஸ்யமாகிறது.

சேமிப்புக் கிடங்கு தறியாகும் கதை

ஈரலில் 'நட்சத்திர செல்' என்று ஒரு வகை உண்டு. 1876இல் குப்ஃபர் என்ற ஜெர்மானியர் அதை முதலில் வர்ணித்து, வடிவத்தைப் பார்த்து அந்தப் பெயரை வைத்தார். நல்ல நாளில் அது சாது. உடம்பின் வைட்டமின் ஏ-யில் பெரும்பகுதியைக் கொழுப்புத் துளிகளாகச் சேமித்து வைக்கும் கிடங்கு அது. ஆனால் 'ஆபத்து' என்று சேதி வந்துவிட்டால் சாது மிரள்கிறது! சேமிப்பைக் கொட்டிவிட்டு, உருவம் மாறி, நாரை நூற்றுத் தள்ளுகிற தறியாகிவிடுகிறது.

அடுத்த முறை போனபோது டாக்டரம்மாவிடம் இதைக் கேட்டேன். "கொழுப்புச் சேர்றது ஈரல் செல்லிலே. நார் நூற்கிறது இன்னொரு செல். ஒண்ணு படற கஷ்டம் இன்னொண்ணுக்கு எப்படித் தெரியும் டாக்டர்?"

அவர் சிரித்தார். "உங்க வீட்டுக்காரர் ஹார்பர்தானே? அவருக்கு நல்லாப் புரியும். பார்சல் போகுதும்மா!"

பார்சலேதான். உடம்பில் ஒவ்வொரு செல்லும் தன் தோலிலிருந்தோ, உள்ளேயிருந்தோ குட்டிக் குட்டிப் பைகளை வெளியே விடுகிறது. டாக்டர்கள் அவற்றை 'எக்ஸ்ட்ரா செல்லுலர் வெசிக்கிள்' என்கிறார்கள். நாம் நுண்பை என்று வைத்துக்கொள்வோம். அவற்றில் ரொம்பச் சிறிய ரகத்துக்கு 'எக்ஸோசோம்' என்று பெயர். எவ்வளவு சிறியது தெரியுமா? ஒரு கடுகின் மேல் வரிசையாக நிறுத்தினால் பத்தாயிரத்துக்கும் மேல் நிற்கும்! அந்தப் பைக்குள் புரதம், கொழுப்பு, 'மைக்ரோ ஆர்.என்.ஏ.' என்கிற துண்டுக் கட்டளைகள் எல்லாம் இருக்கும். ரத்தத்தில் மிதந்து போய், பொருத்தமான செல்லின் வாசலில் ஒட்டிக்கொண்டு, சரக்கை உள்ளே இறக்கிவிடும்.

என் வீட்டுக்காரர் இதைக் கேட்டுவிட்டு, "அப்போ கன்டெய்னர்னு சொல்லு! வெளியிலேர்ந்து பார்த்தா எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். உள்ள பஞ்சா, பட்டாசான்னு திறந்தாத்தான் தெரியும்" என்றார்.

குப்பை என்று நினைத்தது

இந்தப் பைகளை ரொம்ப நாள் யாரும் மதிக்கவில்லை. 1967இல் பீட்டர் உல்ஃப் என்பவர் ரத்தத் தட்டணுக்களிலிருந்து உதிர்ந்த துணுக்குகளைப் பார்த்து, 'தட்டணுத் தூசி' என்றே எழுதினார். 1983இல் அமெரிக்காவில் ஒரு குழுவும், கனடாவின் மான்ட்ரியால் நகரில் ஒரு குழுவும், இளம் சிவப்பணுக்கள் தங்களுக்கு வேண்டாத பொருளைக் குட்டிப் பைகளில் கட்டி வெளியே தள்ளுவதைக் கண்டன. மான்ட்ரியால் குழுவை நடத்தியவர் ஒரு பெண்மணி, ரோஸ் ஜான்ஸ்டன். போலந்தில் பிறந்து, சிறுமியாகக் கனடா போனவர். மெக்கில் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் துறைக்குத் தலைமை ஏற்ற முதல் பெண். 1987இல் 'எக்ஸோசோம்' என்ற பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டு வந்தது அவர் குழுதான். அப்போதும் அதைச் செல்லின் குப்பைக்கூடை என்றே பலரும் நினைத்தார்கள்.

2007இல்தான் திருப்பம். ஸ்வீடனில் கோத்தன்பர்க் விஞ்ஞானிகள், இந்தப் பைகளில் கட்டளைச் சரக்கு இருக்கிறது, ஒரு செல் அனுப்பியதை இன்னொரு செல் படித்துக் காரியம் செய்கிறது என்று காட்டினார்கள். குப்பை என்று நினைத்தது கடிதமாக இருந்தது!

கெட்ட சேதியும் நல்ல சேதியும்

இனி ஈரலுக்கு வருவோம். கொழுப்பு நிரம்பித் திணறுகிற ஈரல் செல் சாதாரணமாக விடுவதைவிட அதிகப் பைகளை விடுகிறது. 2015இல் அமெரிக்காவின் சான் டியாகோவில் சோதனைக் கூடத்தில் ஒன்றைக் கண்டார்கள். அந்தப் பைகளில் இருக்கும் ஒரு மைக்ரோ ஆர்.என்.ஏ. நட்சத்திர செல்லுக்குள் போய், அதைச் சாதுவாக வைத்திருக்கும் ஒரு கடிவாளத்தை அவிழ்த்து விடுகிறதாம். கடிவாளம் போனதும் தறி ஓட ஆரம்பிக்கிறது. மிரண்ட நட்சத்திர செல்லும் சும்மா இருப்பதில்லை. அதுவும் பைகளை விட்டு, பக்கத்து நட்சத்திர செல்களை உசுப்பி விடுகிறது. ஒரு வீட்டில் கிளம்பிய வதந்தி தெருவெல்லாம் பரவுவது மாதிரிதான். என் அக்காவின் சாவு வீட்டுப் பேச்சு எனக்கு ஞாபகம் வந்தது.

ஆனால் நல்ல சேதியும் உண்டு. சாதுவாக இருக்கும் நட்சத்திர செல் அனுப்புகிற பைகள், 'அடங்கு, நார் வேண்டாம்' என்ற கட்டளையைக் கொண்டு போகின்றன. அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரில் பிரிக்ஸ்டாக் என்பவரின் குழு 2018இல் ஒரு சோதனையை வெளியிட்டது. நல்ல உடம்புள்ள எலிகளின் ரத்தத்திலிருந்து எடுத்த நுண்பைகளைத் தழும்பு விழுந்த எலிகளுக்குக் கொடுத்தபோது, தழும்பு குறைந்தது. அதற்கு முன்பே 2013இல் சீனாவில், குழந்தையின் தொப்புள் கொடியிலிருந்து எடுத்த செல்களின் எக்ஸோசோம்கள் எலிகளின் ஈரல் தழும்பைக் குறைப்பதாகக் காட்டியிருந்தார்கள்.

என் மகளுக்குப் போன வருஷம்தான் தலைப்பிரசவம். தொப்புள் கொடி என்றதும், "அம்மா, அப்போ அதை ஊசியாப் போட்டுக்கலாமா?" என்று கேட்டாள். டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "எலிக்குச் சரியாச்சுன்னா மனுஷிக்கு மருந்துன்னு அர்த்தமில்லைம்மா. இது இன்னும் ஆராய்ச்சியிலேதான் இருக்கு." எக்ஸோசோம் என்ற பெயரில் ஊசி போட்டுக்கொண்டு சிலர் கடுமையாகப் பாதிக்கப்பட்டதால், அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2019 டிசம்பரில் பொதுமக்களுக்கு எச்சரிக்கையே வெளியிட்டது. எனவே நகையை விற்று இதற்கெல்லாம் ஓட வேண்டாம். இந்தப் பைகளை ரத்தத்திலிருந்து பிரித்துப் படித்து, ஈரலின் நிலையைத் தெரிந்துகொள்ளும் வழியையும் தேடி வருகிறார்கள். அது கைக்கு வரும் வரை நமக்கு ஃபைப்ரோஸ்கேன் இருக்கிறது.

கீழாநெல்லி போதாதா?

"கீழாநெல்லியை அரைச்சு மோர்ல குடி" என்று என் மாமியார் சொன்னார். நீங்களும் சொல்வீர்கள், தெரியும்! நம் ஊர்க் கீழாநெல்லிக்கு உலகப் புகழ் உண்டு. 1988இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழு, ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டுபிடித்து 1976இல் நோபல் பரிசு பெற்ற ப்ளம்பர்க்குடன் சேர்ந்து, லான்செட் பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதியது. கீழாநெல்லிப் பொடி சாப்பிட்ட 37 பேரில் 22 பேரின் ரத்தத்தில் வைரஸின் அடையாளம் மறைந்தது. வெறும் பொடி சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. ஆனால் பிறகு மற்ற இடங்களில் செய்தபோது அதே பலன் கிடைக்கவில்லை. பல ஆய்வுகளை ஒன்றாக அலசிய 2011ஆம் வருஷத்துத் தொகுப்பு, நம்பத்தகுந்த ஆதாரம் போதவில்லை என்றது. அதுவும் வைரஸுக்காகச் செய்த சோதனை. கொழுப்பால் வந்த தழும்புக்கு அல்ல. எந்தக் கஷாயமானாலும் டாக்டரிடம் சொல்லாமல் சாப்பிட வேண்டாம். சில பச்சிலைகளும் லேகியங்களுமே ஈரலைக் கெடுக்கும்.

நான் செய்தது

கெட்ட பார்சல் வருவதை நிறுத்த ஒரே வழி, அதை அனுப்புகிற செல்லின் சுமையை இறக்குவதுதான். கியூபாவில் 293 பேரை ஒரு வருஷம் உணவிலும் நடையிலும் கட்டுப்படுத்தி, 2015இல் முடிவை வெளியிட்டார்கள். உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு குறைத்தவர்களில் நூற்றுக்கு 45 பேருக்குத் தழும்பு பின்வாங்கியிருந்தது. என் எடை அப்போது 72 கிலோ. ஏழு கிலோ இறக்க வேண்டும்!

ராயபுரத்தில் இருந்துகொண்டு மீனை விடவா முடியும்? விட வேண்டாம் என்றார் டாக்டரம்மா. வறுவலை விட்டுக் குழம்புக்கு மாறினேன். நெத்திலி, சங்கரா எதுவானாலும் குழம்புதான். இரண்டு கரண்டி சோற்றை ஒன்றாக்கி, அந்த இடத்தில் காயும் கீரையும் வைத்தேன். டீக்குச் சர்க்கரை, கலர் பாட்டில், சாயங்கால பஜ்ஜி மூன்றும் நின்றன. முதல் இரண்டு மாதம் கை நடுங்காத குறைதான்! சர்க்கரை இல்லாத கறுப்புக் காபிக்கு மட்டும் உத்தரவு உண்டு. காபி குடிப்பவர்களுக்கு ஈரல் தழும்பு குறைவாக இருப்பதைப் பல ஆய்வுகள் பார்த்திருக்கின்றனவாம்.

விடியற்காலை நடை. தனியாக என்றால் ஒரு வாரத்தில் விட்டிருப்பேன். எதிர் வீட்டு அக்காவும் கூட வந்தார். கடலோரமாக முக்கால் மணி நேரம். வெள்ளிக்கிழமையில் திருவொற்றியூர் வடிவுடையம்மன் கோயில் வரைக்கும் நடந்து போய், பஸ்ஸில் திரும்புவோம்.

2025இல் மறுபடி ஃபைப்ரோஸ்கேன். எடை 64.5. கணக்கு 6.3! டாக்டரம்மா எதுவும் பேசாமல் பேப்பரை என் பக்கம் திருப்பிக் காட்டினார். எல்லாருக்கும் இப்படியே ஆகும் என்று நான் சொல்லவில்லை. ஆரம்பத் தழும்பு பின்வாங்கும். முற்றிய சிரோசிஸ் எளிதில் மடங்காது. தடுக்க முடியாத கட்டத்தில் மாற்று ஈரல்தான். 1998இல் டில்லியில் நம் காஞ்சிபுரத்துக் குழந்தை ஒன்றுக்கு அப்பாவின் ஈரலில் ஒரு பகுதியை வைத்துப் பிழைக்க வைத்தார்கள். அந்தப் பிள்ளை வளர்ந்து டாக்டரே ஆகிவிட்டார். ஆனால் அந்தக் கட்டம் வரை போவானேன்?

சகோதரிகளுக்குச் சில குறிப்புகள்

* சர்க்கரை உள்ளவர்கள், இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டருக்கு மேல் உள்ள பெண்கள் டாக்டரிடம் ஈரலைப் பற்றிக் கேளுங்கள். 2021இலேயே மத்திய அரசு இந்தக் கொழுப்பு ஈரலைச் சர்க்கரை, இதய நோய்களுக்கான தேசியத் திட்டத்தில் சேர்த்துவிட்டது.

* உங்கள் வயது, தட்டணு எண்ணிக்கை, இரண்டு ஈரல் என்சைம்கள் ஆகிய நான்கையும் வைத்து டாக்டர் 'ஃபிப் 4' என்று ஒரு கணக்குப் போடுவார். ஃபைப்ரோஸ்கேன் தேவையா என்று அதிலேயே தெரிந்துவிடும்.

* என்சைம் கணக்கு சரியாக இருக்கிறது என்று மட்டும் நிம்மதி அடையாதீர்கள். தழும்பு இருந்தும் அது சரியாகவே காட்டலாம்.

* இளம் தாய்மார்களே, குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போடப்பட்டதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பிறகு 6, 10, 14ஆவது வாரங்களில் போடும் ஐந்து நோய்த் தடுப்பூசியிலும் அது சேர்ந்தே இருக்கிறது. கர்ப்பத்திலேயே உங்கள் ரத்தத்தையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

* மாத்திரை வந்துவிட்டதா என்றால், 2024 மார்ச்சில் அமெரிக்காவில் முதல் மருந்துக்கு அனுமதி கொடுத்தார்கள். யாருக்கு எது என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும். அதுவும் உணவோடும் நடையோடும் சேர்த்துத்தான்.

போன மாதம் எண்ணூருக்கு ஒரு வளைகாப்புக்குப் போயிருந்தேன். அன்றைக்குச் சாவு வீட்டில் குசுகுசுத்த அதே பெண்மணி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். முகம் வாடியிருந்தது. "எனக்கும் ஈரல்ல கொழுப்புன்னு எழுதியிருக்காம்மா. நான் ஒரு பாவமும் அறியேனே!" என்றார்.

நாலு வார்த்தை சுருக்கென்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. "எங்க அக்காவும் அறியாதவதாங்க" என்று மட்டும் சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு ஃபைப்ரோஸ்கேன் எங்கே எடுப்பது, எத்தனை மணி நேரம் சாப்பிடாமல் போவது என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, ஒரு காகிதத்தில் எழுதியும் கொடுத்தேன்.

உங்கள் வீட்டு பீரோவிலும் ஒரு ரிப்போர்ட் தூங்குகிறதா, பாருங்களேன்!